தொல்லுயிர்ச் சுவடுகளின் பிறப்பிடம்
பாறையும் நிலப்படமும் அளிக்கும் சான்று

பாலக்காட்டில் கல்பாத்தி ஆற்றங்கரையிலுள்ள அக்கிரகார வீடுகளின் பூஜையறைகளில் சாளக்கிராமம் வைத்து வழிபடுவது நெடுநாளைய வழக்கம். கருநிறமான உருண்டைக் கல். அதனுள்ளே சக்கரம்போல் ஒரு சுருள். வழிபடுவோருக்கு அது திருமாலின் வடிவம். விஞ்ஞானிக்கு அச்சுருள், அம்மோனைட் எனப்படும் அற்றுப்போன கடற்பிராணியின் ஓடு பதித்துச்சென்ற சுவடு. ஒரு செய்தியில் மட்டும் இருவரும் உடன்படுவர். அக்கல் நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்தது என்பதே அது. எத்தனை தலைமுறை கைமாறியிருப்பினும் சாளக்கிராமத்தின் ஊரை வீட்டார் மறப்பதில்லை. அது பாலக்காட்டிலேயே கிடைத்தது என எவரேனும் கூறுவாராயின், அக்கூற்றை மறுப்பதற்கு அவர் காலடியிலுள்ள பாறையே போதிய சாட்சியாகும்.

பாலக்காட்டுக் கணவாயின் தரையிலும், அதன் தெற்கே நெல்லியாம்பதி மலைகளிலும், இன்னும் தெற்கே இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், உடும்பன்சோலை ஆகிய உயர்நிலங்களிலும் பரவிக்கிடப்பவை நைஸ், சார்னோக்கைட், கிரானைட் ஆகிய கடும்பாறைகள். இவை நிலத்தின் ஆழத்தில் பெரும் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டு உருவானவை. சார்னோக்கைட் உருவாவதற்கு 700 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். மூணாற்றுக் கிரானைட்டின் வயது ஏறத்தாழ 74 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இப்பிரதேசம் முழுவதும் கடைசியாகப் பெருவெப்பத்துக்கு உட்பட்டது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர். ஓடுடைய பிராணிகள் கடல்களில் பெருகத் தொடங்கியதோ அதன் பின்னரே. ஆகவே இப்பாறைகளில் அம்மோனைட்டோ சிப்பியோ இருத்தல் இயலாது. முன்பே ஏதேனும் உயிர் புதைந்திருந்தாலும் அவ்வெப்பத்தில் அதன் வடிவம் எஞ்சியிராது. ஆற்று வண்டலில் ஓர் இலையோ அண்மைக்கால விலங்கின் எலும்போ அகப்படலாம். அது வேறு செய்தி. கேரளத்தில் கடற்சிப்பிகளின் சுவடுகளைப் பாறையில் காண விரும்புவோர் கொல்லத்தையடுத்த படப்பக்கரை போன்ற கடலோரப் பகுதிகளுக்கே செல்ல வேண்டும்.

கல்லைக் கொண்டு அதன் ஊரை அறியும் முறை இந்நாட்டுக்குப் புதிதன்று. சார்னோக்கைட் என்னும் பெயரே அத்தகைய ஓர் ஆராய்ச்சியின் நினைவாக நிற்கிறது. கல்கத்தாவில் புனித யோவான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறை உள்ளது. அதன்மேல் இடப்பட்ட பலகைக் கல்லின் இனத்தைச் சேர்ந்த பாறை அந்நகரைச் சுற்றியுள்ள வண்டல் சமவெளியில் எங்கும் இல்லை. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு அக்கல்லின் கனிமங்களை ஆராய்ந்து, அது சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையே எனக் கண்டார். 1893-ல் அப்பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். கடல்வழியே சென்ற கல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர்த் தன் ஊரைத் தானே கூறிற்று. நெல்லியாம்பதியிலும் இடுக்கியிலும் வீடு கட்டவும் சாலை போடவும் உடைக்கப்படுவது பெரும்பாலும் அதே இனப் பாறைதான்.

இருவகைச் சுண்ணாம்புக்கல்

எல்லையோரத்துப் பள்ளி ஒன்றின் அலமாரியில் சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் சிப்பிகள் தெளிவாகத் தெரிகின்றன. அதனடியில் ‘வாளையார்’ என்று மட்டும் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. எழுதியவர் எப்போதோ மாற்றலாகிச் சென்றுவிட்டார். மாணவர்கள் அச்சீட்டை நம்புவர். வாளையாரில் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுவது ஊரறிந்த செய்தி. அங்குள்ள பண்டாரத்துச் சுரங்கத்தை ஆதாரமாகக் கொண்டே மலபார் சிமெண்ட் ஆலை அமைக்கப்பட்டது. எல்லைக்கு இப்பால் மதுக்கரையிலும் அதே இனக் கல் கிடைக்கிறது. எனவே சீட்டைச் சந்தேகிக்க எவருக்கும் காரணம் தோன்றாது.

ஆயினும் சீட்டு தவறானது. வாளையார், மதுக்கரைக் கற்கள் படிகச் சுண்ணாம்புக்கல் வகையின. தொடக்கத்தில் அவையும் படிவுகளாக இருந்தவையே. பின்னர் நைசும் சார்னோக்கைட்டும் பட்ட வெப்பத்தை அவையும் பட்டன. அப்போது கால்சியம் கார்பனேட் முழுவதும் புதிதாகப் படிகமாயிற்று. உடைத்த முகத்தில் சர்க்கரைக் கட்டிபோல் மணிமணியாகப் பளபளப்பது இதனாலேயே. கல்லில் கலந்திருந்த களிமண்ணும் மணலும் தனித்து நிற்க முடியாமல், சுண்ணாம்புடனும் மக்னீசியத்துடனும் கூடி டயாப்சைடு போன்ற சிலிக்கேட்டுக் கனிமங்களாக மாறின. இத்தகைய கல்லில் சிப்பியின் வரி பிழைத்திருக்க வழியில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோ சூடுபடாத படிவு. அதில் ஓடுகள் ஓடுகளாகவே உள்ளன. இடையே உள்ள களிமண் களிமண்ணாகவே உள்ளது.

இவ்விரண்டையும் பிரித்தறிய முதற்படியாகப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளி விட்டால் இரண்டும் நுரைக்கும். ஆகவே அமிலச் சோதனை மட்டும் போதாது. இச்சோதனையோடு பலர் நின்றுவிடுவதே தவறுக்குக் காரணம். ஒரு சிறு சில்லை அமிலத்தில் முழுவதும் கரையவிட்டு, அடியில் தங்கும் வண்டலைப் பார்க்க வேண்டும். படிகச் சுண்ணாம்புக்கல்லில் எஞ்சுபவை கண்ணாடிபோன்ற கடின மணிகள். அரியலூர்க் கல்லில் எஞ்சுவது பெரும்பாலும் மெல்லிய களிமண்ணும் உருண்ட மணலும். பத்து மடங்கு பெருக்கும் கை உருப்பெருக்கி ஒன்றிருந்தால் ஓர் உயர்நிலைப்பள்ளியிலேயே இதனைச் செய்துகாட்டலாம். சோதனைக்குச் சுவடு இல்லாத மூலையிலிருந்தே சில்லு எடுக்கப்பட வேண்டும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

அரியலூரின் நிலப்படம்

அலமாரிக் கல் வாளையாருடையது அன்று எனத் தெரிந்ததும் அடுத்த கேள்வி எழுகிறது. அது அரியலூரின் எப்பகுதியைச் சேர்ந்தது? இங்கேதான் நிலப்படத்தின் உதவி தேவைப்படுகிறது.

பாலக்காட்டின் நைஸ் பாறைகள் கிழக்கே காவிரிப் படுகை வரை நீண்டு செல்கின்றன. திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே, அத்தகைய கடும்பாறைத் தரையின்மேல் பழைய கடலின் படிவுகள் அமர்ந்துள்ளன. இப்படிவுகள் மென்மையாகக் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் மூத்த பாறைகளிலிருந்து இளைய பாறைகளை நோக்கி நடக்கிறார். ஒரு நாள் நடையில் நான்கு கோடி ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

இதனை முறையாகப் படமாக்கியவர் எச். எஃப். பிளான்ஃபோர்டு. பிற்காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் முதல் தலைவராக அறியப்பட்டவரும் இவரே. அவருக்கு முன்னரே 1840-களில் மதராஸ் அரசாங்க அலுவலர்களான சி. டி. கே, புரூக் கன்லிஃப் ஆகிய இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய மூன்று பகுதிகளிலும் ஓடுகளைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். 1846-ல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்தார். எப்பகுதி மூத்தது, எது இளையது என்பதுபற்றிய ஃபோர்ப்ஸின் கருத்து பின்னர்த் திருத்தப்பட்டது. அவ்வாறு திருத்த முடிந்ததற்குக் காரணம், திரட்டியவர்கள் மூவிடத்துக் கற்களையும் ஒன்றாகக் கலக்காமல் ஊர்வாரியாகக் காத்திருந்ததே. அறிஞரின் முடிவு தவறலாம். திரட்டியவர் எழுதிய ஊர்ப்பெயர் சரியாக இருந்தால் அத்தவறு நிலைக்காது.

பிளான்ஃபோர்டு 1857 முதல் ஓடைகளையும் கிணற்று வெட்டுகளையும் தொடர்ந்து சென்று, இப்படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இப்பிரிவு சில மாற்றங்களுடன் இன்றும் வழங்குகிறது. இவ்வரிசையில் அடுக்கப்பட்ட சுவடுகளை ஃபெர்டினான்டு ஸ்டோலிச்கா ஆராய்ந்து, 1873 வரை பல பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். யார்க்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1874-ல் லடாக்கில் அவர் இறந்தபோது வயது 36.

தொகுதிதோறும் பாறையின் இயல்பு வேறுபடுகிறது. ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்த காரைப் பகுதியில் மழை அரித்த களிமண் மேடுகள் பள்ளமும் முகடுமாக நிற்கின்றன. அம்மண்ணில் ஜிப்சத் தகடுகள் மின்னும். பாஸ்பேட் உருண்டைகள் கிடக்கும். பெலம்னைட் எனப்படும், எழுதுகோல் முனைபோன்ற கூர்ங்கற்களும் அங்கே பொறுக்கப்படுகின்றன. திருச்சிராப்பள்ளித் தொகுதியின் கருடமங்கலத்தில் கெட்டியான சிப்பிச் சுண்ணாம்புக்கல் உள்ளது. மெருகேற்றினால் அழகுபெறும் அக்கல் ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்ற பெயரில் அலங்காரப் பொருள்களாக வெளியூர்களுக்குச் சென்றதுண்டு. அரியலூர்த் தொகுதியின் கல்லங்குறிச்சியில் கிரைஃபியா என்னும் தடித்த சிப்பிகள் மலிந்துள்ளன. அத்தொகுதியின் மேற்பகுதியான கல்லமேட்டில் ஆற்றுமணலும் களியும். அவற்றில் கிடைப்பவை கடற்பிராணிகளல்ல, டைனோசார்களின் எலும்புகள்.

ஆகவே சுவட்டைவிட அதனைச் சூழ்ந்துள்ள மண்ணே சில சமயங்களில் கூடுதலாகப் பேசுகிறது. சுவட்டின் இடுக்கில் ஒட்டிய களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஃபொராமினிஃபெரா ஓடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடும். அவற்றின் இனங்களைக் கொண்டு படிவின் காலத்தையும், நிலப்படத்தைக் கொண்டு அப்படிவு வெளிப்படும் இடங்களையும் குறுக்கிக்கொண்டே வரலாம். கல்லைப் ‘பார்வைக்கு நன்றாக’ இருக்கும்படி தேய்த்துக் கழுவும் நல்ல பழக்கம் இவ்வகையில் பெருங்கேடு விளைவிக்கிறது.

நிலப்படத்தை அறியாமல் வடிவத்தை மட்டும் பார்ப்போர் எளிதில் ஏமாறுவர். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் வெளிப்பட்ட பெரிய உருண்டைகள் டைனோசார் முட்டைகள் என்ற செய்தி மாநிலமெங்கும் பரவியது. அவை அம்மோனைட் போன்ற பொருளைச் சுற்றி இறுகிய கடற்படிவு உருண்டைகள் என நிபுணர்கள் விளக்கினர். கடலின் அடியில் டைனோசார் முட்டையிடாது என்பதைப் படத்தின் நிறமே கூறியிருக்கும்.

எலும்பு உறிஞ்சும் தனிமங்கள்

கண்ணும் உருப்பெருக்கியும் கைவிடும் இடத்தில் இரசாயனம் துணைக்கு வருகிறது. இரு முறைகள் ஆசிரியர்கள் அறியத்தக்கவை.

முதலாவது, கடல் ஓடுகளிலுள்ள ஸ்ட்ரான்ஷியம் பற்றியது. ஸ்ட்ரான்ஷியம் 87, ஸ்ட்ரான்ஷியம் 86 ஆகிய இரு ஐசோடோப்புகளின் விகிதம் ஒரு காலத்தில் உலகக் கடல்கள் அனைத்திலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது சிறிது சிறிதாக மாறும். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் 0.7073 அளவிலிருந்த விகிதம், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் 0.7078 ஆக உயர்ந்தது, இன்று 0.7092. ஓடு கட்டும் பிராணி தான் வாழ்ந்த நீரின் விகிதத்தை அப்படியே ஓட்டில் பதிக்கிறது. எனவே கருடமங்கலத்துச் சிப்பியையும் கல்லங்குறிச்சிச் சிப்பியையும் நான்காம் தசமத்தில் வேறுபடுத்தலாம். ஓடு பின்னர் நிலத்தடி நீரால் மாற்றப்படாதிருந்தால்தான் இக்கணக்கு செல்லும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது முறை எலும்புக்கும் பல்லுக்கும் உரியது. உயிருள்ள எலும்பில் அருமண் தனிமங்கள் இல்லையென்றே சொல்லலாம். சவறைக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டில் செறிந்திருக்கும் லாந்தனம், சீரியம், நியோடிமியம் முதலியவையே இத்தனிமங்கள். பிராணி இறந்து புதைந்ததும் நிலைமை மாறுகிறது. எலும்பின் கால்சியம் பாஸ்பேட் நுண்படிகங்கள் மண்ணில் ஊறும் நீரிலிருந்து இத்தனிமங்களை உறிஞ்சிக் கால்சியத்தின் இடத்தில் வைத்துக்கொள்கின்றன. பத்துலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதிருந்த தனிமங்கள் சில நூறு பங்கு, சில சமயம் ஆயிரம் பங்குக்கு மேலும் ஏறிவிடுகின்றன. எலும்பின் துளைகள் அடைபட்டதும் உறிஞ்சுதல் நின்றுவிடும். அன்றிருந்த நீரின் இயல்பு எலும்பினுள் பூட்டப்பட்டுவிடும்.

நீர் எங்கும் ஒரே தன்மையது அன்று. உயிர்வளி மிகுந்த கடல்நீரில் சீரியம் மட்டும் பிற தனிமங்களைவிட்டுப் பிரிந்து படிந்துவிடுவதால், அந்நீரை உறிஞ்சிய எலும்பில் சீரியம் குறைந்து காணப்படும். ஆற்றுமண்ணில் புதைந்த எலும்பின் தனிம வரிசை வேறு. ஒரே ஓடையில் அருகருகே கிடந்த இரண்டு எலும்புகள் இரு வேறு படிவுகளிலிருந்து அரித்துவரப்பட்டவையா என்பதை இவ்வரிசைகளை ஒப்பிட்டு அறியலாம் என்று கிளைவ் ட்ரூமன், மைக்கேல் பெண்டன் ஆகியோர் 1997-ல் காட்டினர். இம்முறைக்கு எலும்பின் சிறு துணுக்கும், பிறப்பிடம் ஐயமறத் தெரிந்த எலும்புகளின் பட்டியலும் வேண்டும். பின்னதே அரிது. அறியாத சுவட்டின் ஊரை இரசாயனம் காட்ட வேண்டுமானால், அறிந்த சுவடுகளின் ஊரை முன்பே எவரேனும் சரியாக எழுதிவைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடம் தானாகவே ஊர்ப்பெயரை உண்டாக்கித் தந்துவிடாது.

பொய்யான ஊர்ப்பெயர்

தவறுதலாக எழுதப்பட்ட சீட்டு ஒருவகை. வேண்டுமென்றே பொய்யாக எழுதப்பட்டது மற்றொரு வகை. இங்கிலாந்தில் 1912-ல் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மனிதனின் மண்டையோடு நாற்பதாண்டுக் காலம் அறிஞர்களைக் குழப்பியது. 1949-ல் கென்னத் ஓக்லி அதன் புளோரின் அளவை ஆராய்ந்தார். மண்ணில் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து புளோரினை மெல்ல மெல்ல ஏற்பதால், ஒரே சரளையில் ஒரே காலம் கிடந்தவற்றில் அதன் அளவு ஒத்திருக்க வேண்டும். பில்ட்டவுன் எலும்புகளில் அது ஒத்திருக்கவில்லை. 1953-ல் மோசடி முழுவதும் வெளிப்பட்டது. அக்குழியில் உடன் வைக்கப்பட்டிருந்த யானைப் பல் ஒன்றில் கதிரியக்கம் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தது. அத்தகைய பற்கள் கிடைக்கும் இடம் வட ஆப்பிரிக்காவில் துனிசியாவிலுள்ள இஷ்கேல் எனப் பின்னர்க் கருதப்பட்டது. சஸ்ஸெக்ஸ் கிராமத்துக் குழியில் கிடந்த பல், தான் உறிஞ்சிய யுரேனியத்தால் மத்தியதரைக் கடலுக்கு அப்பால் உள்ள தன் ஊரைக் காட்டிக்கொடுத்தது.

இதனை அயல்நாட்டுக் கதையெனத் தள்ளிவிட இயலாது. இமயமலையிலிருந்து கிடைத்தவை எனச் சண்டீகரைச் சேர்ந்த பேராசிரியர் வி. ஜே. குப்தா பல நூறு கட்டுரைகளில் விவரித்த சுவடுகளைப்பற்றி, ஆஸ்திரேலியாவின் மக்குவாரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலண்டு 1989-ல் ‘நேச்சர்’ இதழில் கடுமையான ஐயங்களை வெளியிட்டார். அம்மோனைட் இனத்தைச் சேர்ந்த சில சுவடுகள், உலகெங்கும் கடைகளில் விற்கப்படும் மொராக்கோ நாட்டுக் கற்களை ஒத்திருந்தன. கோனோடான்ட் எனப்படும் நுண்ணிய பல்வடிவச் சுவடுகள் நியூயார்க் மாநிலத்து ஆம்ஸ்டெல் ஓடையில் கிடைப்பவற்றை ஒத்திருந்தன. இடங்களைக் குறித்த விவரமோ மற்றொருவர் தேடிச்சென்று காண முடியாத அளவுக்குத் தெளிவற்றிருந்தது. நல்லெண்ணத்துடன் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்ட பல அறிஞர்களின் உழைப்பும் இதனால் ஐயத்துக்கு உள்ளாயிற்று. அக்கட்டுரைகளை நம்பி வரையப்பட்ட இமயமலை வரலாற்றிலிருந்து எவற்றை நீக்குவது, எவற்றை வைத்துக்கொள்வது என்பது பிறருக்குப் பெருஞ்சுமையானது.

கோனோடான்டுகளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. பாறை சூடாகும் அளவுக்கு ஏற்ப அவை இளமஞ்சளிலிருந்து பழுப்பாகி, பின் கறுத்து, மேலும் சூடானால் வெளுக்கும். 1977-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்நிற மாற்றத்துக்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். இளமஞ்சள் நிறக் கோனோடான்டு ஒன்றை வெந்து மடிந்த மலைப்பாறையில் எடுத்ததாக ஒருவர் சொன்னால், நிறமே அதனை மறுக்கும். வாளையார்ச் சீட்டை மறுத்த அதே வாதம்தான் இதுவும்: சுவடு எவ்வளவு வெப்பம் பட்டதோ, அவ்வளவே அதன் பாறையும் பட்டிருக்க வேண்டும்.

எலும்பு போயிற்று, இடம் நின்றது

கல்லமேட்டில் சார்லஸ் மேட்லி திரட்டிய டைனோசார் எலும்புகள்பற்றிய அவரது கட்டுரை 1929-ல் வெளிவந்தது. பின்னர் அதே பகுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் மிகப் பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டனர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்றின் நீளமே 2 மீட்டர் எனக் குறிக்கப்பட்டது. 1987-ல் அவ்விலங்குக்குப் ‘புருகத்காயோசாரஸ் மேட்லியை’ எனப் பெயரிடப்பட்டது. ‘பெரும் உடல்’ என்னும் வடசொல்லும் மேட்லியின் பெயரும் அதில் இணைந்துள்ளன. உலகில் வாழ்ந்த தரைவிலங்குகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் களிமண்ணில் ஊறிய அவ்வெலும்புகள் உதிர்ந்துபோயின. அவை இப்போது இல்லை என்பது 2017-ல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அளவுகளும் கோட்டுப்படங்களும் இடக்குறிப்புமே எஞ்சின. இடம் தெரிந்திருப்பதால் கல்லமேட்டுக்கு மீண்டும் சென்று தேட முடிகிறது. சென்ற ஆராய்ச்சியாளர்கள் சிறிய பல் போன்றவற்றைக் கண்டும் வந்துள்ளனர்.

ஜபல்பூரின் கதை இதற்கு மறுதலை. 1828-ல் அங்குள்ள பாரா சிம்லா குன்றில் ஸ்லீமன் எடுத்த வால் முள்ளெலும்புகள், ஸ்பில்ஸ்பரி என்னும் மருத்துவரின் வழியாகக் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப்பைச் சென்றடைந்தன. 1877-ல் லிடெக்கர் அவ்விலங்கை ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ எனப் பெயரிட்டார். இந்தியாவில் பெயர்பெற்ற முதல் டைனோசார் அதுவே. பின்னர் எலும்புகள் எங்கே போயின என்பது தெரியாமற்போயிற்று. 2012-ல் தனஞ்சய் மொகாபேயும் சுபாசிஸ் சென்னும் கல்கத்தாவில் ஆய்வுத்துறையின் சேகரிப்பிலேயே அவற்றுள் ஒன்றை, பழைய விவரங்களோடும் படங்களோடும் ஒப்பிட்டு அடையாளங்கண்டனர். எழுதிவைத்த குறிப்பு, 184 ஆண்டுகளுக்கு முன் எடுத்த எலும்பை அதன் குன்றோடு சேர்த்துவைத்தது.

களப் பணியாளர் குறிக்கத்தக்கவை

சுவடு கிடைத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை இப்போது கைபேசியே காட்டிவிடுகிறது. எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சர்வே ஆப் இந்தியாவின் பழைய நிலப்படத் தாள்கள் எவரெஸ்ட் அளவீட்டு முறையில் அமைந்தவை. கைபேசி காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில். இரண்டையும் கலந்தால் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட பிழை நேரும். காரையில் நூறு மீட்டர் என்பது ஓர் ஓடையைத் தாண்டி அடுத்த படிவுக்குள் சென்றுவிடும் தூரம். ஆகவே எம்முறையில் எடுத்த எண் என்பதையும் உடன் எழுத வேண்டும். பாலக்காடு பழைய வரிசையில் 58 பி தாளிலும், மூணாறு 58 எஃப் தாளிலும், அரியலூர் 58 எம் தாளிலும் அடங்கும். தாளின் எண்ணோடு கிராமம், ஓடை, அருகிலுள்ள கோயில் அல்லது மைல்கல் ஆகியவற்றையும் சொற்களால் எழுதிவைத்தால், எண் பிழைத்தபோது சொல் திருத்தும்.

கல் பாறையிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டதா, ஓடையில் உருண்டு கிடந்ததா, கடையில் வாங்கப்பட்டதா என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். ‘கடையில் வாங்கியது’ என்று எழுதுவதில் இழிவு ஒன்றுமில்லை. சுவட்டைச் சூழ்ந்த மண்ணில் ஒரு கைப்பிடி தனிப் பையில் எடுக்கப்பட்டு, சுவட்டின் எண்ணே அதற்கும் இடப்பட வேண்டும். எண்ணைச் சீட்டில் மட்டும் எழுதாமல் கல்லிலேயே ஒரு மூலையில் அழியாத மையால் எழுதுவது நன்று. பூச்சிகளும் ஈரமும் சீட்டைத் தின்றுவிடும்.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை, பாறைப் படங்களுடன் ஓடை வண்டல்களின் இரசாயனப் படங்களையும் கட்டம் கட்டமாகத் தயாரித்து வருகிறது. ‘பூகோஷ்’ இணையத் தளத்தில் அவற்றைப் பலரும் காணலாம். சுவடு தேடுவதற்கென அவை வரையப்பட்டவை அல்ல. ஆயினும் ஓர் ஊரின் மண்ணில் எத்தனிமம் எவ்வளவு இருப்பது இயல்பு என்பதை அவை காட்டுவதால், ஐயத்துக்குரிய கல் ஒன்றின் மண்ணை அவற்றோடு ஒப்பிட இயலும்.

பள்ளி அலமாரியிலுள்ள அக்கல்லைப் பொறுத்தவரை, பழைய சீட்டைக் கிழித்தெறிய வேண்டுவதில்லை. அதுவும் ஒரு சான்றே. அதனை அப்படியே விட்டு, அருகில் புதிய சீட்டு ஒன்று வைக்கலாம்: ‘முன்பு வாளையார் எனக் குறிக்கப்பட்டது. படிகமாகாத சுண்ணாம்புக்கல், சிப்பிகள் உள்ளன. அமிலத்தில் கரைத்தபின் களிமண் எஞ்சியது. அரியலூர்ப் பகுதியாக இருக்கலாம். சோதித்தவர், நாள்.’